எட்டாவது போதும் என்கிற ஊர்

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்)



வீட்டுக்குக் கரண்ட் லைன் வேண்டாம், சொந்தக் கார் வேண்டாம், டி.வி. வேண்டாம், வீட்டுக்குள் போன் வேண்டாம் என்று சொல்லி ஒரு ஜனக்கூட்டம் வாழ்ந்துகொண்டிருக்கிறது. எங்கே என்கிறீர்கள்? ஏதோ மலைக்காட்டுக்குள் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். சாட்சாத் அமெரிக்காவில்! பென்சில்வேனியா மாநிலத்தில் லங்காஸ்டர் என்று ஒரு மாவட்டம். பிலடெல்பியா என்ற பெருநகரத்திலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம்தான். அந்த மக்களுக்கு ஆமிஷ் என்று பெயர். 1920 வாக்கில் அமெரிக்கா முழுக்கச் சேர்த்து சுமார் 5,000 பேர் இருந்தவர்கள், இன்று சுமார் 4 லட்சம் பேர். லங்காஸ்டர் பகுதியில் மட்டும் 40 ஆயிரத்துக்கும் மேலே. ஆகவே, அழிந்துபோகிற கூட்டம் என்று யாரும் பரிதாபப்பட வேண்டியதில்லை.

எங்கேயோ இருக்கிற ஆமிஷ்காரர்களுக்கு நம் ஆண்டு மலரில் என்ன வேலை? நம் செமினார் ஹாலில் விழுந்த ஒரு கைத்தட்டல்தான் காரணம்.

முன்னாள் மாணவர் கூட்டத்துக்கு வந்திருந்த சீனியர் அண்ணன் ஒருவரை நினைவிருக்கும். நம்ம பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ.யில் சேர்ந்து, இன்று நியூஜெர்சியில் நல்ல வேலையில் இருக்கிறார். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள் எல்லோரையும் காரில் ஏற்றிக்கொண்டு லங்காஸ்டர் வழியாகப் போன பயணத்தைத் திரையில் படம் போட்டுக் காட்டினார். 340-ஆம் எண் சாலை. இரண்டு பக்கமும் சோளக்காடு. சாம்பல் நிறப் பெட்டி மாதிரி குதிரை வண்டி, பின்னால் ஆரஞ்சு நிற முக்கோணம். அதற்குப் பின்னால் ஊர்ந்து போகிற கார்கள். வயலில் ஆறு கோவேறு கழுதைகளைப் பூட்டி உழுகிற ஒருவர். வைக்கோல் தொப்பி போட்ட பிள்ளைகள், காலால் உந்தித் தள்ளுகிற ஸ்கூட்டரில் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஒன்றைக் கவனித்தீர்களா? எல்லாப் படத்திலும் முதுகுதான்! முகம் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ள அவர்கள் சம்மதிப்பதில்லை. விக்கிரகம் செய்யாதே என்கிற பைபிள் கட்டளையை அப்படி எடுத்துக்கொள்கிறார்கள். தன் உருவத்தைத் தானே ரசிப்பது ஆணவம் என்பதும் ஒரு காரணம்.

அண்ணனுடைய அப்பா நம்ம பக்கத்துக் கடலைக்காட்டு விவசாயி. உழவைப் பார்த்ததும் காரை நிறுத்தச் சொன்னாராம். "நம்ம ஊர்லயே ஏர் மாடு இல்லாமப் போச்சு. அத இங்க வந்து பாக்கணும்னு எழுதியிருக்கு பாரு!" என்றாராம். அம்மாவுக்கோ கொடிக்கயிற்றில் வரிசையாகத் துணி காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்துத்தான் உயிர் வந்ததாம். இன்னொரு வேடிக்கையும் சொன்னார். ஆமிஷ்காரர்கள் தங்களுக்குள் ஜெர்மன் கிளைமொழி ஒன்றைப் பேசுகிறார்கள். வெளியாட்கள் எல்லோருக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'இங்கிலீஷ்காரர்'. நம்ம கடலைக்காட்டு ஐயா உட்பட!

திரும்பி வரும்போது ஐயா ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். "இந்தப் புள்ளைங்க எது வரைக்கும் படிக்குதுங்க?"

"எட்டாவது வரைக்கும்பா."

"அப்புறம்?"

"அப்புறம் அப்பா தொழில்தான்."

ஐயா அதற்குமேல் பேசவில்லையாம். ஆனால் அண்ணன் பேசினார். "என்ன நிம்மதியான வாழ்க்கை பாருங்க! லோன் இல்ல, செல்போன் இல்ல, டென்ஷன் இல்ல. நாமதான் படிச்சுப் படிச்சு நிம்மதியைத் தொலைச்சிட்டோம்" என்று முடித்தார். ஹால் அதிரக் கைத்தட்டல். (லோன் விஷயம் உண்மை இல்லை. நிலம் வாங்க அவர்களும் பாங்கில் கடன் வாங்குகிறவர்கள்தான்.)

நான் கை தட்டவில்லை. அதற்குக் காரணம் சொல்லத்தான் இந்தப் பக்கங்களைக் கேட்டு வாங்கினேன்.

முதலில் ஒன்று. அவர்களைக் கேலி பேசுகிற கட்சியில் நான் இல்லை. அந்த மக்களின் சரித்திரத்தைப் படித்தால் கேலி வராது. 1525-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்தில் ஒரு சிறு கூட்டம், பச்சைக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்து என்ன பயன், வயது வந்தபின் அவரவர் புரிந்து எடுக்க வேண்டிய முடிவு அது என்று சொன்னது. அதற்காக அவர்களை ஆற்றில் அமுக்கிக் கொன்றார்கள், கட்டிவைத்து எரித்தார்கள். 1569-இல் ஹாலந்தில் டிர்க் வில்லம்ஸ் என்பவர் சிறையிலிருந்து தப்பி, உறைந்த நீரின்மேல் ஓடினார். துரத்தி வந்த காவலன் பனிக்கட்டி உடைந்து உள்ளே விழுந்துவிட்டான். ஓடிக்கொண்டிருந்தவர் திரும்பி வந்து அவனைத் தூக்கிவிட்டார். பிடிபட்டார். எரிக்கப்பட்டார். 1693-இல் யாக்கோப் அம்மான் என்பவர் இன்னும் கட்டுப்பாடு வேண்டும் என்று தனியே பிரிந்தார். அவர் பெயரால் வந்ததுதான் ஆமிஷ். வழிபாட்டு உரிமைக்கு இடம் கொடுத்த பென்சில்வேனியாவுக்கு 18-ஆம் நூற்றாண்டில் கப்பல் ஏறி வந்தார்கள். அடி வாங்கிய கூட்டம் ஊரைச் சுற்றி வேலி போட்டுக்கொள்வதில் ஆச்சரியம் என்ன?

இனி நம்ம டிபார்ட்மெண்ட்காரர்கள் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அவர்கள் மெஷினை வெறுப்பவர்கள் என்பது காரில் போகிறவர்கள் கட்டிவிட்ட கதை. 25 முதல் 40 குடும்பங்கள் சேர்ந்தது ஒரு சபை. கோயில் கட்டடம் கிடையாது. ஒருவாரம் விட்டு ஒருவாரம் ஒருவர் வீட்டில் வழிபாடு. போதகரைக்கூடத் திருவுளச்சீட்டு போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பாட்டுப் புத்தகங்களில் ஒன்றுக்குள் சீட்டை வைத்துவிடுவார்கள். யார் கையில் அந்தப் புத்தகம் வருகிறதோ அவர் ஆயுள் முழுக்கச் சம்பளம் இல்லாத போதகர்! ஊர்க் கட்டுப்பாட்டுக்கு 'ஓர்ட்னுங்' என்று பெயர். வருஷத்துக்கு இரண்டு தடவை சபை கூடி அதை ஒத்துக்கொள்ள வேண்டும். புதிதாக ஒரு சாதனம் வந்தால் அது அங்கே விவாதத்துக்கு வரும்.

போனை எடுத்துக்கொள்ளுங்கள். 1910 வாக்கில் லங்காஸ்டரில் சில ஆமிஷ் வீடுகளுக்குள் போன் வந்தது. யோசித்துப் பார்த்து வீட்டிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார்கள். பிறகு அவசரத்துக்கு வேண்டும் என்று வந்தபோது, வீட்டை விட்டுத் தள்ளி வயல் ஓரத்தில் கூண்டு மாதிரி ஒரு சிறு மரக்கொட்டகை கட்டி அதற்குள் வைத்தார்கள். பேச வேண்டுமானால் நடந்து போய்ப் பேசு. ஆனால் சாப்பிடும்போது அது மணி அடித்து உன்னைக் கூப்பிடாது. கரண்டும் அதே கதைதான். 1919-20 வாக்கில் பொதுக் கம்பியிலிருந்து இணைப்பு எடுக்கக் கூடாது என்று முடிவானது. பாட்டரிக்குத் தடை இல்லை. இன்று பல கூரைகளில் சோலார் பலகைகூட இருக்கிறது. வெளியுலகத்தோடு வீட்டைக் கட்டிப்போடுகிற அந்தக் கம்பிதான் ஆகாது.

அப்படியானால் மரப்பட்டறை எப்படி ஓடுகிறது? இங்கேதான் விஷயம்! வெளியே கொட்டகையில் ஒரு டீசல் என்ஜின். அது கம்ப்ரஸரை ஓட்டும். காற்று டாங்கில் நிரம்பி, சுவர் ஓரமாகப் பைப்பில் பட்டறைக்குள் வரும். கடையில் வாங்கிய டிரில்லிங் மெஷின், ரம்பம் எதுவானாலும் அதிலிருக்கும் எலெக்ட்ரிக் மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏர் மோட்டாரோ ஹைட்ராலிக் மோட்டாரோ மாட்டிவிடுவார்கள். இதற்கு 'ஆமிஷ் கரண்ட்' என்று செல்லப் பெயர். தையல் மெஷின், மாவு பிசைகிற மிக்சர் வரைக்கும் காற்றில் ஓடுகிறது. கம்ப்ரஸரில் வீணாகிற சக்தியைக் கணக்குப் போட்டால் நம்ம தெர்மல் சார் அழுதுவிடுவார் என்பது வேறு விஷயம். ஆனால் எட்டாவது படித்தவன் மோட்டாரை மாற்றி மாட்டி மெஷினை ஓடவைக்கிறான் என்றால் அந்தக் கைக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும். நம்மில் எத்தனை பேர் பெல்ட் அறுந்தால் லேத் பக்கமே போகாமல் அட்டெண்டரைத் தேடுகிறோம்!

டிராக்டர் தொழுவத்தில் நிற்கலாம், பெல்ட் போட்டு மெஷின் ஓட்டலாம். வயலில் இறங்கக் கூடாது. ரப்பர் டயர் போட்டுவிட்டால் அடுத்த மாதமே அதில் டவுனுக்குப் போவான், நாளைக்குக் கார் கேட்பான். பெரிய டிராக்டர் வந்தால் அதற்குத் தீனி போடப் பெரிய நிலம் வேண்டும், பக்கத்து வீட்டுக்காரனின் நிலம் போய்விடும். இப்படிப் போகிறது அவர்களுடைய வாதம். கார் சொந்தமாக வைத்துக்கொள்ளக் கூடாது, ஆனால் வாடகைக்கு எடுத்து ஏறிப் போகலாம். வேடிக்கையாகத் தோன்றும். எனக்கு வேடிக்கையாகத் தோன்றவில்லை. ஒரு மெஷினைப் பார்த்தால் நாம் என்ன ஆர்.பி.எம்., என்ன விலை என்று கேட்போம். இது வந்தால் நம்ம தெருவில் யார் யாரோடு பேசாமல் போவார்கள் என்று கேட்கச் சொல்லி எந்த சிலபஸிலும் இல்லை. இந்த ஒரு விஷயத்துக்காக அன்று கை தட்டியிருந்தால் நானும் சேர்ந்து தட்டியிருப்பேன்.

இன்னொன்றும் சொல்லாமல் போகக் கூடாது. 2006 அக்டோபர் 2-ஆம் தேதி லங்காஸ்டரில் நிக்கல் மைன்ஸ் என்ற இடத்தில் இருந்த அவர்களுடைய ஓரறைப் பள்ளிக்குள் ஒருவன் துப்பாக்கியோடு புகுந்தான். அந்தச் சுற்றுவட்டாரத்தில் பால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன்தான். பத்துச் சிறுமிகளைச் சுட்டுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டான். ஐந்து பிள்ளைகள் இறந்தார்கள். அன்று சாயங்காலமே ஆமிஷ் மக்கள் சிலர் அவனுடைய மனைவி வீட்டாரைத் தேடிப் போய் ஆறுதல் சொன்னார்கள். அவனைப் புதைத்தபோது போய் நின்றார்கள். அந்தப் பள்ளிக் கட்டடத்தை இடித்துவிட்டுப் பக்கத்தில் புதிதாக ஒன்று கட்டிக்கொண்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீடு இப்படி நடந்துகொள்வது எந்தப் படிப்பினால் வரும், சொல்லுங்கள்? நம் ஊரில் திருவிழாவில் மைக்செட் தகராறுக்கே மூன்று தலைமுறை பேசாமல் இருக்கிறோம்.

இவ்வளவும் சொல்லிவிட்டுத்தான் அந்த எட்டாவது விஷயத்துக்கு வருகிறேன்.

ஓரறைப் பள்ளி என்றால் உண்மையிலேயே ஒரே அறை. முதல் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை அதே அறையில் முப்பது பிள்ளைகள். டீச்சர் பெரும்பாலும் கல்யாணமாகாத இளம்பெண், அவரும் எட்டாவது முடித்தவர்தான். எழுத்தும் கணக்கும் நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். ஆனால் பதினான்கு வயதில் கதை முடிந்தது. ஹைஸ்கூல் போனால் போட்டியும் ஆணவமும் வரும், பிள்ளை ஊரை விட்டுப் போய்விடும் என்று பெரியவர்களுக்குப் பயம். அரசாங்கம் சும்மா விடவில்லை. 1965 நவம்பரில் அயோவா மாநிலத்தில் ஹேசல்டன் என்ற ஊருக்கு அதிகாரிகள் பஸ்ஸோடு வந்து பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு ஏற்றப் பார்த்தார்கள். பிள்ளைகள் தெறித்து ஓடிச் சோளக்காட்டுக்குள் புகுந்தார்கள். அந்தப் போட்டோ பத்திரிகைகளில் வந்து, நாடே ஆமிஷ் பக்கம் சாய்ந்தது. போலீஸ் துரத்திப் படிக்க வைப்பது அசிங்கம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிறகு விஸ்கான்சின் மாநிலத்தில் மூன்று தகப்பன்மார் பிள்ளைகளை எட்டாவதோடு நிறுத்தினார்கள். சட்டப்படி 16 வயது வரை பள்ளிக்குப் போக வேண்டும். ஆளுக்கு 5 டாலர் அபராதம். அந்த 5 டாலர் வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 1972 மே 15-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி வாரன் பர்கர் எழுதிய தீர்ப்பு ஆமிஷ்காரர்கள் பக்கம். அவர்கள் யாருக்கும் பாரமில்லாமல் உழைத்துப் பிழைக்கிறார்கள், இன்னும் இரண்டு வருஷப் படிப்புக்காக அவர்களுடைய மத நம்பிக்கையை உடைக்க முடியாது என்பது சாரம். யோடர் வழக்கு என்று சொல்வார்கள். மூன்று பேரில் ஒருவர் பெயர் ஜோனஸ் யோடர்.

வில்லியம் டக்ளஸ் என்ற நீதிபதி மட்டும் ஓரளவு மாறுபட்டார். அப்பா என்ன நினைக்கிறார் என்று கேட்டீர்கள், பிள்ளை என்ன நினைக்கிறது என்று கேட்டீர்களா? இதுதான் அவருடைய கேள்வி. பியானோ வாசிக்கவோ, விண்வெளிக்குப் போகவோ, கடலை ஆராயவோ ஆசைப்படுகிற பிள்ளை அந்த ஊரில் பிறந்திருந்தால் அது என்ன செய்யும் என்று எழுதினார். யோடரின் மகள் கோர்ட்டில் வந்து தன் விருப்பத்தைச் சொல்லியிருந்தாள். மற்ற இரண்டு வீட்டுப் பிள்ளைகள் வாய் திறக்கவே இல்லை. அவர்களிடம் யாரும் கேட்கவும் இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது. எங்க வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

எங்க அப்பா மூட்டை தூக்குகிறவர். கையெழுத்து மட்டும் போடுவார். அம்மா அதுவும் இல்லை. எனக்கு மூத்தவள் அக்கா. எட்டாவதில் வகுப்பிலேயே இரண்டாவது. அந்த வருஷம் அப்பாவுக்கு இடுப்பில் அடிபட்டு மூன்று மாதம் படுத்துவிட்டார். அக்கா ஒரு நூற்பாலைக்கு வேலைக்குப் போனாள். எந்த மதமும் போகச் சொல்லவில்லை, எந்த சபையும் கூடவில்லை. வீட்டில் அரிசி இல்லை, அவ்வளவுதான். யாரும் அவளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. கேட்கவும் இல்லை. அவள் ஷிப்டுக்குப் போன காசில்தான் நான் பத்தாவது முடித்தேன், இங்கே பீஸ் கட்டினேன். எங்கள் வம்சத்தில் டிராயிங் போர்டைத் தொட்ட முதல் ஆள் நான் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். அந்த போர்டுக்குப் பின்னால் எட்டாவதோடு நின்ற ஒருத்தி இருக்கிறாள் என்பதை நான்தான் சொல்ல வேண்டும்.

'எட்டாவது போதும், நிம்மதி' என்று ஒருவர் மேடையில் சொல்லும்போது நான் எப்படிக் கை தட்டுவது? சொன்ன அண்ணனே டிப்ளமோ, பி.இ. என்று ஏறிப் போனவர். அவருடைய பிள்ளைகள் இரண்டும் அங்கே நல்ல பள்ளியில் படிக்கிறார்கள். எட்டாவதோடு நிறுத்தப் போகிறாரா? காருக்குள் ஏ.சி. போட்டுக்கொண்டு வயலில் உழுகிறவனைப் பார்த்து நிம்மதி என்று பெருமூச்சு விடுவது சுலபம். லங்காஸ்டருக்கு வருஷத்துக்கு லட்சக்கணக்கான பேர் இப்படிக் குடும்பம் குடும்பமாகக் காரில் போகிறார்கள். பை வாங்கிச் சாப்பிடுகிறார்கள், ஒட்டுப்போர்வை வாங்குகிறார்கள், பெருமூச்சு விடுகிறார்கள், ராத்திரிக்குள் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். பெரியவர் மட்டும்தான் கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறார்.

நம் தாத்தாக்களுக்கு இந்தப் பாட்டு புதிதில்லை. 1953-இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் அப்பா தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்று திட்டம் வந்தது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்துத் தமிழ்நாடே கொதித்தது. 1954-இல் காமராஜர் வந்ததும் அதை எடுத்தார். ஆமிஷ் ஊரில் சாதி இல்லை, மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்குச் சொன்ன சட்டமும் இல்லை, தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்டது. அந்த வித்தியாசத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளையின் இடத்தில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே சுவர்தான். அப்பா பட்டறை, அப்பா வயல், அப்பா மூட்டை.

ஆமிஷ் தரப்பிலும் ஒரு பலமான பதில் இருக்கிறது, அதை மறைத்துவிட்டு எழுதினால் நியாயமில்லை. எங்கள் பிள்ளை எட்டாவது முடித்து மூன்று வருஷத்தில் கைதேர்ந்த தச்சன், வேலை இல்லாமல் தெருவில் நிற்கிறவன் எங்களிடம் கிடையாது, உங்கள் டிப்ளமோக்காரன் என்ன செய்கிறான் என்று அவர்கள் நம்மைத் திருப்பிக் கேட்டால்? சர்ட்டிபிகேட் பைலைத் தூக்கிக்கொண்டு கம்பெனி கேட்டில் நிற்கிற நம்ம சீனியர்கள் எத்தனை பேர், நமக்கே தெரியும். வாய் அடைத்துப்போகும். ஆனாலும் யோசியுங்கள். அந்தத் தச்சுப்பட்டறை சிறுவர்களுக்காகவே 2004-இல் அமெரிக்கச் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. எட்டாவதோடு நின்ற பதினான்கு வயதுப் பிள்ளை மரம் அறுக்கும் மெஷின் ஓடுகிற இடத்தில் வேலை செய்யலாம், ஆனால் அந்த மெஷினைத் தொடக் கூடாது, சொந்தக்காரரோ சபைக்காரரோ கூட நின்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. வட்ட ரம்பம் ஓடும்போது கிட்டே நின்று பார்த்த நமக்குத் தெரியும், அது பதினான்கு வயதுக்கான இடமா என்று.

அடுத்தது, அவர்களுடைய எட்டாவது யாருடைய தயவில் ஓடுகிறது? வாடகைக் கார் ஓட்டுகிறவர் வெளியாள். கோர்ட்டில் வாதாடிய வக்கீல் வெளியாள். எல்லாவற்றையும்விட, வைத்தியம் பார்க்கிற டாக்டர் வெளியாள். சில குடும்பங்களே தங்களுக்குள் திரும்பத் திரும்பக் கல்யாணம் செய்ததால் அபூர்வமான பரம்பரை நோய்கள் சில அங்கே அதிகம். நன்றாக இருந்த கைக்குழந்தைக்குச் சாதாரணக் காய்ச்சல் வரும், திடீரென்று கை கால் முடங்கிப் போகும். பிரசவக் கோளாறு என்று நினைத்திருந்தார்கள். ஹோம்ஸ் மார்ட்டன் என்ற டாக்டர்தான் அது குளூட்டாரிக் அசிட்யூரியா என்ற பரம்பரை நோய் என்று கண்டுபிடித்து, 1989-இல் அந்தப் பிள்ளைகளுக்காகவே லங்காஸ்டரில் ஒரு மருத்துவமனை தொடங்கினார். கட்டடத்தை ஆமிஷ் மக்களே ஊர் கூடி, மரச்சட்டங்களைத் தூக்கி நிறுத்திக் கட்டினார்கள். பிறந்தவுடன் ரத்தம் பரிசோதித்து, உணவுக் கட்டுப்பாட்டோடு வளர்த்ததில் முடங்கிப் போகிற குழந்தைகள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். இதை எட்டாவதோடு நின்ற ஒருவர் செய்திருக்க முடியுமா? யாரோ ஒருவர் ராப்பகலாக உட்கார்ந்து படித்திருக்க வேண்டும். அது ஏன் ஒரு ஆமிஷ் வீட்டுப் பிள்ளையாக இருக்கக் கூடாது?

அந்த மார்ட்டனின் கதை இன்னும் ருசியானது. அவர் ஹைஸ்கூலைப் பாதியில் விட்டவர்! கப்பலில் வேலை பார்த்தார். பிறகு ஜி.இ.டி. என்கிற தனித்தேர்வு எழுதிப் பள்ளிப் படிப்புக்குச் சமமான சான்றிதழ் வாங்கி, கல்லூரியில் சேர்ந்து, ஹார்வர்டில் டாக்டர் படிப்பு முடித்தார். நின்றுபோன ஆள் திரும்ப ஏறுவதற்கு ஒரு படிக்கட்டு இருந்தது, ஏறினார்.

ஆமிஷ் பிள்ளைக்கு அந்தப் படிக்கட்டே இல்லை என்று சொல்ல மாட்டேன். பதினாறு வயதில் அவர்களுக்குக் கொஞ்ச காலம் கயிற்றை நீளமாக விடுகிறார்கள். ரும்ஷ்பிரிங்கா என்று பெயர். ஊர் சுற்றலாம், சினிமா பார்க்கலாம். பிறகு ஞானஸ்நானம் எடுப்பதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்தபின் விலகினால் ஊர் ஒதுக்கி வைக்கும், பெற்ற தாயோடு ஒரே மேஜையில் சாப்பிட முடியாது. எடுக்காமலே போனால் ஒதுக்கல் இல்லை. வயது வந்தபின் சொந்தமாக முடிவெடு என்பது அவர்களுடைய 500 வருஷத்துக் கொள்கை, அதற்காகத்தான் செத்தார்கள். ஆனால் கையில் எட்டாவது மட்டும் வைத்துக்கொண்டு, வெளியில் ஒருவரையும் தெரியாமல், இருபது வயதில் எடுக்கிற முடிவு எவ்வளவு தூரம் சொந்த முடிவு? ஞானஸ்நானத்துக்குப் பிள்ளை வளரட்டும் என்று காத்திருக்கிறவர்கள், படிப்பை நிறுத்துவதற்கு மட்டும் ஏன் காத்திருக்கவில்லை? எனக்கு இதற்குப் பதில் கிடைக்கவில்லை.

அமெரிக்காவை மட்டும் சொல்லிவிட்டு நாம் தப்பிக்க வேண்டாம். நம்ம நாட்டுக் கல்வி உரிமைச் சட்டம், 2009-இல் வந்தது, 6 முதல் 14 வயது வரை கட்டாய இலவசக் கல்வி என்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டாவதுதான்! ஆமிஷ் சபை போட்ட அதே கோட்டில்தான் நம்ம சட்டமும் நிற்கிறது. எங்க அக்கா நின்றது சட்டப்படி சரி! பதினான்குக்கு மேல் அவளைத் தேடி யாரும் வீட்டுக்கு வரவில்லை என்றால் யாரைக் குறை சொல்வது? இந்த உரிமையைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. உட்பட நீட்ட வேண்டும் என்று நம் மாணவர் பேரவை ஒரு தீர்மானம் போடலாம். போன வருஷம் காண்டீன் வடை விலைக்கு இரண்டு தீர்மானம் போட்டோமே!

இங்கே படிக்கட்டு இருப்பது என்னவோ உண்மை. எட்டாவது முடித்தவர்களை எடுக்கிற ஐ.டி.ஐ. பிரிவுகள் இருக்கின்றன. ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். நம்ம செட்டிலேயே அப்படி வந்தவர்கள் நன்றாக வேலை தெரிந்தவர்கள், பைலிங் மார்க்கைப் பார்த்தால் தெரியும். டிப்ளமோவிலிருந்து பி.இ. இரண்டாம் ஆண்டு. எதுவும் இல்லாதவர்களுக்குத் தனித்தேர்வு. உங்கள் வீட்டிலோ தெருவிலோ நின்றுபோனவர்கள் இருந்தால் இந்தத் தகவலையாவது கொண்டுபோய்ச் சொல்லுங்கள். எங்க தெருவில் நான் விசாரித்த வரையில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

அக்காவுக்கும் தெரியாமல்தான் இருந்தது. இப்போது தனித்தேர்வராகப் பத்தாவது எழுதப் போகிறாள். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முதலில் பெயர் பதிய வேண்டும், அதற்கு ஷிப்ட் மாற்றிக் கேட்டிருக்கிறாள். தமிழ், சமூக அறிவியல் பயமில்லையாம். கணக்கில் இயற்கணிதம்தான் இடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லித் தருகிறேன், அவள் என்னைவிட வேகமாகப் போடுகிறாள். எட்டாவது டி.சி.யைத்தான் இரண்டு நாள் வீடு முழுக்கத் தேடினோம். கடைசியில் அப்பாவே எழுந்துபோய், டிரங்குப் பெட்டியின் அடியில் ரேஷன் கார்டோடு மடித்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார்.